முள் விழுந்த வண்டி

"முள் விழுந்துபோச்சுண்ணே" என்றுதான் அந்தத் தம்பி பேச்சைத் தொடங்கினான்.

ஜூலை மாதம், மழை சற்று விட்டிருந்த ஒரு காலை. தாராவி தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்தில், என் கடை வாசலில் ஒரு பிக்அப் வந்து நின்றது. பின்னால் காலிக் கூடைகள். வாழையிலையும் கறிவேப்பிலையும் கலந்த ஈர வாசனை. ராத்திரி வாஷி மார்க்கெட்டில் ஏற்றி, விடியும் முன் மாட்டுங்காவில் இறக்குகிற வண்டி அது. மாட்டுங்காவில் நம்மவர்கள் வாங்கும் முருங்கைக்காயும் சேனைக்கிழங்கும் சாம்பார் வெங்காயமும் இப்படிப்பட்ட வண்டிகளில்தான் வந்து சேருகின்றன.

வண்டி ஓடுகிறது, ஆனால் ஸ்பீடு முள் பூஜ்யத்திலேயே கிடக்கிறது. கிலோமீட்டர் எண்ணிக்கையும் ஏறவில்லை. "தினமும் இப்படியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. சில நாள் நல்லா ஓடுது. சில நாள் வழியிலேயே விழுந்துருது. முதலாளி நான்தான் வயரப் புடுங்கி விடுறேன்னு சொல்றாரு. ரெண்டு வாரமா டீசல் கணக்கு இடிக்குதாம். இன்னும் ஒரு தடவ ஆச்சுன்னா சாவிய வச்சிட்டுப் போன்னுட்டாரு."

சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வள்ளியூர்ப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். கியர்பாக்ஸில் கட்டைவிரல் நீளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் சாமான் ஒருவனைத் திருடனாக்கப் பார்க்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த வேலை அதுதான்.

முதலாளி சந்தேகப்பட்டதையும் குறை சொல்ல முடியாது. அவர் கேபிள் காலத்து மனிதர். நானும்தான்.

1989-இல் பதினாலு வயதில் ஊரிலிருந்து ரயிலேறி தாதரில் இறங்கினேன். தாராவியில் சித்தப்பா வீட்டில் தங்கி, செம்பூர் கேம்ப் பக்கம் ஒரு கேரேஜில் எடுபிடியாகச் சேர்ந்தேன். உஸ்தாத் மேலப்பாளையத்துக்காரர். பக்கத்துக் குர்லாவில் பிரீமியர் பத்மினி கார் தயாரான தொழிற்சாலை இருந்தது. அதனால் அந்தச் சுற்று வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பத்மினி மெக்கானிக் மேல்தான் விழ வேண்டும். எங்கள் கேரேஜிலும் கறுப்பும் மஞ்சளுமாக டாக்சிகள் வரிசை கட்டி நிற்கும்.

அப்போது ஸ்பீடு மீட்டர் என்றால் கேபிள். கியர்பாக்ஸின் வாலில் ஒரு சின்னப் பல்சக்கரம் சுழலும். அதிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி, உறைக்குள் சுழன்றுகொண்டே டேஷ்போர்டு வரைக்கும் போகும். அங்கே ஒரு காந்தம் சுழலும், அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழல்கிற வேகத்துக்குத் தக்கபடி கிண்ணம் இழுபடும், முள் ஏறும். ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸே என்பவர் 1902-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. எங்கள் கேரேஜில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் செய்து வைத்ததன் ஒவ்வொரு நோயும் எங்களுக்குத் தெரியும்.

முள் நடுங்கினால் கேபிள் காய்ந்துவிட்டது, கிரீஸ் வை. கீச்சென்று கத்தினால் உறை மடங்கியிருக்கிறது, வளைவை நேராக்கு. முள் செத்துக் கிடந்தால் கேபிள் அறுந்துபோயிற்று, உருவிப் பார். "எலே, அறுந்த முனையப் பாரு. அது பேசும்" என்பார் உஸ்தாத். தானாகத் தேய்ந்து அறுந்த முனை பூவாய்ப் பிரிந்திருக்கும். ஒரே நாளில் முறுக்கிக்கொண்டு அறுந்த முனை மொட்டையாக இருக்கும். அறுபடாமலே முள் செத்திருந்தால் யாரோ திருகைக் கழற்றி விட்டிருக்கிறார்கள். கேபிளைக் கழற்றி விட்டு இருபது முப்பது கிலோமீட்டர் சொந்தச் சவாரி அடித்து, திரும்ப மாட்டிக்கொண்டு வந்த டிரைவர்கள் அன்றைக்கு உண்டு. அதே வேலையைச் செய்து, ஓடிய வண்டியை ஓடாத வண்டியாகக் காட்டி விற்ற முதலாளிகளும் உண்டு. அந்தக் காலத்தைப் பார்த்த ஒருவருக்கு, முள் விழுந்தது என்றதும் டிரைவரின் கைதான் முதலில் நினைவுக்கு வரும்.

2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பிறகு கேபிளின் இன்னொரு முகத்தையும் பார்த்தேன். அன்றைக்குச் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு தாராவிக்குள் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வாரக்கணக்கில் கேபிள்களை உருவி டீசலில் கழுவி, துடைத்து, கிரீஸ் பூசி மாட்டிக்கொண்டே இருந்தோம். கோணி விரித்து வரிசையாகக் காயப்போட்டிருந்த அந்தக் கேபிள்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அவற்றைக் காப்பாற்ற முடிந்தது. தாராவியில் தொழில் செய்கிறவனுக்கு அதுதான் பெருமை. எதையும் தூக்கி எறியாமல் பிரித்து, கழுவி, மறுபடி ஓட வைப்போம்.

அதே 2005-இல்தான் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது. ஊரில் குட்டி யானை, மும்பையில் சோட்டா ஹாத்தி. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த். பொலிரோ பிக்அப் மும்பையின் எல்லா மார்க்கெட்டிலும் நின்றது. சின்னச் சரக்கு வண்டிகள் பெருகப் பெருக, கேபிள் குறைந்து சென்சார் வந்தது.

கியர்பாக்ஸின் கடைசித் தண்டில் ஒரு பல்வளையம். அதற்கு முன்னால் மயிரிழை இடைவெளி விட்டுச் சென்சாரின் மூக்கு. உள்ளே ஒரு காந்தமும் ஒரு சின்னச் சில்லும். இரும்புப் பல் ஒன்று மூக்கைக் கடக்கும்போதெல்லாம் காந்தப்புலம் அசைகிறது, சில்லு ஒரு துடிப்பை அனுப்புகிறது. 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த விளைவு இது. அதனால்தான் ஹால் சென்சார் என்று பெயர். துடிப்புகளை எண்ணி மீட்டர் வேகத்தைக் காட்டுகிறது. என்ஜின் கம்ப்யூட்டரும் அதே செய்தியைக் கேட்டுக்கொள்கிறது. 2015 அக்டோபர் முதல் புதிய சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீட்டரில் நிறுத்துகிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமானபோது, அதற்கும் இந்த வேகச் செய்தியே ஆதாரம்.

ஆனால் இந்தச் சாமானைப் பிரிக்க முடியாது. எபாக்சி ஊற்றி மூடி வைத்திருக்கிறார்கள். கழுவிக் காயப்போட ஒன்றுமில்லை. உடைந்த பிளாஸ்டிக்கையெல்லாம் அரைத்து உருக்கிக் குருணையாக்குகிற எங்கள் பதின்மூன்றாம் காம்பவுண்டில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இதை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். எபாக்சி ஒரு தடவை இறுகினால் மறுபடி உருகாது.

அப்படியானால் மெக்கானிக்குக்கு என்ன வேலை மிச்சம்? ஒரு போல்ட்டைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைப்பது பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷம் தொழில் ஆகாது. தொழில் முழுவதும் அதற்கு முன்னால் இருக்கிறது. இதை நான் ஒருவரின் காசில்தான் கற்றுக்கொண்டேன்.

சென்சார் வண்டிகள் வரத் தொடங்கிய புதிதில், முள் விழுந்த ஒரு பால் வண்டி வந்தது. ஸ்கேனர் மாட்டினேன். பி0500 என்று காட்டியது. வேகச் சென்சார் கோளாறு என்று அதற்கு விளக்கம். உடனே புதுச் சென்சார் வாங்கிவரச் சொல்லி மாட்டினேன். முள் எழவில்லை. அரை நாள் தடவிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சேசிஸ் ஓரமாகப் போன வயரை எலி கடித்திருந்தது. பழைய சென்சாரில் ஒரு குறையும் இல்லை. என் கூலியை வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் எலக்ட்ரிக் சாமானைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அவர் கொடுத்த பணம் போனது போனதுதான். ஸ்கேனர் ஒரு தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. பி0500 என்றால் வேகச் செய்தி வந்து சேரவில்லை என்று மட்டும்தான் பொருள். அனுப்புகிறவர் செத்தாரா, வழியில் கம்பி அறுந்ததா, வாங்குகிறவர் செவிடா என்று நாம்தான் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

அதனால் அந்த வள்ளியூர்த் தம்பியின் வண்டிக்கு அடியில் போகும் முன், ஸ்டூலைப் போட்டு அவனை உட்கார வைத்துக் கேட்டேன். எப்போது விழுகிறது? மழையிலா, வெயிலிலா? பள்ளத்தில் இறங்கும்போதா? வண்டி எடுத்தவுடனேயா?

யோசித்துச் சொன்னான். "வாஷியில எடுக்கும்போது சரியா இருக்கும்ணே. மான்கூர்டு தாண்டி டிராஃபிக்ல மாட்டுனா விழுந்துரும். மாட்டுங்கால இறக்கி முடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தா திரும்ப ஏறிரும்."

கேட்டதும் எனக்குப் பாதி வழி திறந்தது.

வண்டியைச் சமமான காங்கிரீட்டில் நிறுத்தினோம். பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்க வேண்டும். கியர் நியூட்ரலில். கை பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும், ஆகவே அதை விடுவித்து, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். ஜாக்கை மட்டும் நம்பி ஒருநாளும் அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். என் கடைப் பையன்களுக்கு முதல் பாடம் அது.

அடியில் படுத்ததும் சென்சாரைத் தேடாதே, புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தேடு என்பேன். ஷாஃப்டின் முன் ஜாயிண்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து முன்பக்கமாக ஒரு சாண் வா. கியர்பாக்ஸின் வால் உறை வரும். அதன் பக்கவாட்டில் சேறு அப்பிய ஒரு முடிச்சும் அதிலிருந்து கிளம்பும் வயரும் தெரியும். அங்கேயும் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் பக்கத்திலேயே ரிவர்ஸ் லைட் சுவிட்ச் இருக்கும். இரண்டும் சேற்றுக்குள் அண்ணன் தம்பி மாதிரி. சுவிட்சுக்கு இரண்டு வயர், உடம்பே திருகு, தலையில் அறுகோணம். இந்த வகைச் சென்சாருக்கு மூன்று வயர், பக்கத்தில் ஒரு காது, அந்தக் காதைப் பிடித்து ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட். சுவிட்சைச் சென்சார் என்று நினைத்துக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்சாரையும் வயரையும் இணைக்கும் கப்ளரைப் பார்த்தேன். பச்சை பூத்திருக்கிறதா? இல்லை. மழைக்காலத்தில் காந்தி மார்க்கெட், ஹிந்த்மாதா தண்ணீரில் நீந்தி வரும் வண்டிகளில் இந்த இடத்தில்தான் செம்பு பச்சையாகிப் பொடிந்திருக்கும். பாதி வண்டிகளில் கப்ளரைச் சுத்தம் செய்வதோடு கதை முடிந்துவிடும். இதில் பின்கள் பளிச்சென்று இருந்தன. பூட்டு நாக்கில் தூசி படிந்து கெட்டிப்பட்டிருந்தது. பல நாளாக யாரும் அதை நெம்பித் திறக்கவில்லை. தம்பியின் பக்கத்துச் சாட்சியாக முதலில் கிடைத்தது அந்தத் தூசிதான்.

கப்ளரை மாட்டியபடியே பின்பக்கமாக ஊசி செருகி மல்டிமீட்டரில் அளந்தேன். சாவி போட்டதும் ஒரு வயரில் 12 வோல்ட் வருகிறது. எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே ஏறக்குறைய பூஜ்யம். மூன்றாவது செய்தி வயர். பையன் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற, மீட்டர் பூஜ்யத்துக்கும் ஐந்துக்குமாகத் தாவியது. எல்லாம் ஒழுங்கு. சென்சார் நன்றாக வேலை செய்கிறது!

இந்த இடத்தில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு "வண்டியில ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருந்தால் அந்தப் பையனின் வேலை அன்றோடு போயிருக்கும். சரியாகச் செய்த சோதனையும் தப்பான நேரத்தில் செய்தால் பொய் சொல்லும்.

வண்டியை இறக்கி, அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். சயான் வழியாகக் குர்லா வரை போய், நெரிசலில் நின்று நின்று திரும்பினோம். முப்பது நிமிஷம் முள் விழாமல் நின்றது. பிறகு ஒரு தடவை துடித்தது. பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. அவன் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினான். "பாத்துக்கிடுங்கண்ணே."

கடைக்கு வந்ததும் ஆறுவதற்குள் மறுபடி தூக்கி அடியில் போனேன். சைலன்சர் குழாய் காதோரம் அனல் அடித்தது. 12 வோல்ட் இருக்கிறது. எர்த் இருக்கிறது. செய்தி வயரில் ஐந்து வோல்ட், சக்கரம் சுற்றச் சுற்ற அசையாமல் அப்படியே நிற்கிறது. அந்த ஐந்து வோல்ட் மீட்டர் பக்கத்திலிருந்து வருவது. அது இங்கே வந்து சேர்கிறது என்றால் வழியில் வயர் அறுபடவில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் அதைக் கீழே இழுத்துவிட வேண்டியது சென்சாரின் வேலை. சூட்டில் அதன் கை ஓய்ந்துவிடுகிறது.

கழற்றும் முன் பிரஷ்ஷும் டீசலும் கொண்டு சுற்றிலும் சேற்றைக் கழுவினோம். அந்த ஓட்டை வழியாக ஒரு மணல் விழுந்தாலும் கியருக்குள் போகும். போல்ட்டை எடுத்து, சென்சாரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல், கையால் இடமும் வலமுமாகத் திருகித் திருகி வெளியே இழுத்தேன். நெம்பினால் பிளாஸ்டிக் கழுத்து ஒடிந்து மூக்கு உள்ளேயே தங்கிவிடும். அடியில் தட்டு வைத்திருந்ததால் வழிந்த ஆயில் தரைக்குப் போகவில்லை. மூக்கில் கறுப்பு மை மாதிரி இரும்புப் பொடி. காந்தம் இருப்பதால் கியர்பாக்ஸின் தேய்மானமெல்லாம் அங்கே வந்து ஒட்டும். சில வண்டிகளில் அதைத் துடைத்தாலே முள் எழுந்துவிடும். துடைத்தேன். ஆனாலும் சூட்டில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை. முதலாளிக்குப் போன் செய்து, செம்பூரிலிருந்து அவரையே வரச் சொன்னேன்.

வந்தார். அறுபது தாண்டியவர், உழைத்து மூன்று வண்டி போட்டவர். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. சென்சாரைக் கப்ளரில் மாட்டித் தொங்கவிட்டு, சாவி போட்டு, மூக்குக்கு முன்னால் ஒரு இரும்பு ஸ்பேனரின் விளிம்பை ஆட்டினேன். மல்டிமீட்டரில் எண் தாவியது. பூஜ்யம், ஐந்து, பூஜ்யம், ஐந்து. "நல்லாத்தான இருக்கு, மிஸ்திரி?" என்றார்.

எதிர் டீக்கடையிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கிற வெந்நீர் வாங்கி வரச் சொன்னேன். சென்சாரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, தண்ணீர் புகாமல் கழுத்தை இறுக்கிக் கட்டி, டம்ளருக்குள் இறக்கினேன். ஐந்து நிமிஷம். நாலு பேரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு வெளியே எடுத்து, பையைக் கழற்றி, ஸ்பேனரை ஆட்டினேன். ஐந்து. ஐந்து. ஐந்து. எண் அசையவில்லை. ஈரத்துணியால் சுற்றி ஆறவிட்டேன். மறுபடி ஸ்பேனர். பூஜ்யம், ஐந்து, பூஜ்யம்.

"அண்ணாச்சி, மான்கூர்டு டிராஃபிக்ல கியர்பாக்ஸ் இந்த டம்ளர் மாதிரிதான் கொதிக்குது. மாட்டுங்கால ஒரு மணி நேரம் நின்னா ஆறிருது. தம்பி கை இதுல படவே இல்ல" என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர் தலைமுறைக்குக் கிடையாது. "சாப்பிட்டியாடே?" என்று கேட்டார். அவன் தலையசைத்தான். இரண்டு வார உறுத்தல் அந்த ஒரு கேள்வியில் கரைந்ததை நான் பார்த்தேன்.

புதுச் சென்சார் மாட்டியதைச் சொல்ல அதிகமில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மூக்கின் நீளம் ஒன்றா என்று பார்க்க வேண்டும். நீளம் கூடினால் பல் இடிக்கும், குறைந்தால் துடிப்பு எட்டாது. பழைய ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று விரலால் தடவிப் பார்த்து, புது ஓ-ரிங்கில் கியர் ஆயில் தொட்டுத் தடவி, கையாலேயே அழுத்தி உட்கார வைத்தேன். உறை அலுமினியம். ஆகவே அந்தச் சின்ன போல்ட்டுக்கு மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் கூடாது. வயரை சைலன்சரிலிருந்து விலக்கிக் கட்டி, வழிந்த அளவுக்கு கியர் ஆயில் ஊற்றி, ஸ்கேனரில் பழைய கோளாறுக் குறியீட்டை அழித்தேன். சயான் தாண்டி ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டி, போனில் காட்டும் வேகத்தோடு முள்ளை ஒப்பிட்டேன். கை வைக்க முடியாத சூட்டிலும் முள் விழாமல் நின்றது.

பில்லில் மூன்று வரி எழுதினேன். சென்சார். மாற்றுக் கூலி. தேடிய கூலி. மூன்றாவது வரியில்தான் தொகை அதிகம்.

முதலாளியின் விரல் அங்கேயே நின்றது. எல்லோருடைய விரலும் அங்கேதான் நிற்கும். பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா என்று கேட்காதவர் குறைவு. கேபிள் காலத்தில் கையில் கிரீஸும் நெற்றியில் வேர்வையும் தெரிந்தன, கூலி கொடுக்க மனம் வந்தது. இப்போது ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி கேட்பதும், மீட்டரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதும் வேலையாகத் தெரிவதில்லை. அந்தக் கூலி கிடைக்காது என்று பயந்துதான் பல கடைகளில் தேடாமலே சாமானை மாற்றுகிறார்கள். சென்சார், அப்புறம் மீட்டர், அப்புறம் வயரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் பில் போடலாம், யாரும் கேள்வி கேட்பதில்லை. தேடுகிறவனுக்குக் கொடுக்க மறுக்கிற காசு, தேவையில்லாத சாமானின் விலையாக எப்படியும் நம் பையிலிருந்து போய்விடுகிறது. அதோடு போகட்டும் என்றாலும், தப்பாகக் கண்டுபிடித்த ஒவ்வொரு கோளாறுக்கும் பின்னால் தப்பாகப் பழி சுமக்கிற ஒரு ஆள் நிற்கலாம்.

முதலாளி கணக்குப் பார்க்காமல் முழுத் தொகையும் கொடுத்தார். வெந்நீர் டம்ளர் இன்னும் பலகை மேல் இருந்தது.

அந்தச் சென்சாரை என் சுவரில் ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கூடவே இன்னும் பதினெட்டு. எல்லாம் செத்துப்போனவை என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அவற்றில் ஏழு நல்ல சென்சார்கள். தேவையில்லாமல் கழற்றி வீசச் சொன்னவற்றை வாங்கி, குளிரிலும் சூட்டிலும் சோதித்து, சாயம் தொட்டு அடையாளம் வைத்தவை. அந்தப் பால் வண்டியினுடையதும் அதில் ஒன்று. புதிதாகச் சேரும் பையன் எது உயிருள்ளது, எது செத்தது என்று ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்பேனர், ஒரு டம்ளர் வெந்நீரோடு பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு மேல்தான் வண்டிக்கு அடியில் அனுப்புவேன்.

போன வாரம் ஒரு குட்டி யானை வந்தது. டிரைவர் இறங்கும்போதே, "சென்சார் போயிருச்சு, புதுசு வாங்கியே வந்துட்டேன்" என்று டப்பாவை நீட்டினார். என் கடைப் பையன், சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, டப்பாவை வாங்கிப் பிரிக்காமல் பலகையில் வைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உட்காருங்கண்ணே. முள் எப்ப விழுது? காலையில எடுக்கும்போதேயா, வண்டி சூடான பிறகா?"

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவன் கேட்டு முடிக்கட்டும் என்று நின்றேன்.